கருப்புக் கோடும் கருப்புக் குழாயும்: பழனிமலையின் தண்ணீரை வரைபடத்தில் தேடுவது

கொடைக்கானலை டோப்போ ஷீட் என்கிற நில அமைப்பு வரைபடத்தில் முழுசாகப் பார்க்க ஒரு தாள் போதாது. நான்கு தாள் வேண்டும். இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதையும் 15 நிமிட அட்சம், 15 நிமிடத் தீர்க்கம் என்று கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 1:50,000 அளவில் ஒரு தாள் போட்டிருக்கிறது. வடக்கே 10 டிகிரி 15 நிமிடக் கோடும் கிழக்கே 77 டிகிரி 30 நிமிடக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம், கொடைக்கானல் ஏரியிலிருந்து வடகிழக்கே இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதாவது நான்கு தாள்களின் மூலையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஏரி 58 எஃப்/8-இல் இருக்கிறது, பெருமாள் மலை 58 எஃப்/11-இல், அடுக்கம் 58 எஃப்/12-இல். வடமேற்கு ஊர்களுக்கு 58 எஃப்/7. நான்கையும் செல்லோடேப் போட்டு ஒட்டித் தரையில் விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் நீள அகலத்தில் பழனிமலையின் நடுப்பகுதி கிடைக்கும். வீட்டில் யாராவது மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டிய தாளில் முதலில் கண்ணில் படுவது பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைப்பவை. தெற்கே பெரியகுளம் பக்கம் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பு மையைக் கொட்டிவிட்டது போலிருக்கும். அது செங்குத்துச் சரிவு. மேல்மலைக்கு வந்தால் கோடுகள் விலகி நடக்கும். அப்புறம் கண்ணில் படுவது ஓடைகள், அவற்றின் இரண்டு நிறங்கள். நீலக் கோடு என்றால் தண்ணீர் நிற்கும், ஓடும். கருப்புக் கோடு என்றால் மழைக்கு ஓடி வற்றிவிடும் ஓடை. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் சொல்லித்தந்த விதிதான். ராஜஸ்தான் பாலைவனத் தாளை எடுத்துப் பார்த்தால் கருப்பு ஓடைகளே மேலோங்கி நிற்கும். மலைத் தாளில் நீலம் தாராளமாக இருக்கும். தாளை நம்பினால் பழனிமலையில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

நானும் நம்பினேன். ஒரு ஏப்ரல் மாதம் கூக்கால் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தாளில் நீலமாக ஓடிய ஓடையைத் தேடிப் போனேன். உருண்டைக் கற்களும் காய்ந்த பாசியும்தான் இருந்தன. பூண்டுக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “அதுல தேடாதீங்க தம்பி, ஓஸ் பிடிச்சுப் போங்க” என்றார்.

பாதையோரம் கருப்பு பிளாஸ்டிக் குழாய்கள் கத்தையாகக் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இணைப்புகளில் சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். சில இடத்தில் கசிந்து, அதற்குக் கீழே மட்டும் புல் பச்சையாக இருந்தது. ஒவ்வொரு குழாயும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு தோட்டத்துக்கோ சொந்தம். அவற்றைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஏறினால், சோலைக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறையடியில் குழி. சுற்றிலும் கல் அடுக்கி, மேலே ஒரு தகரம் போட்டு மூடியிருந்தது. தகரத்தைத் தூக்கினால் இரண்டு அடி அகலத் தண்ணீர், அதற்குள் பதினொரு குழாய்களின் முனைகள். முனை ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் சொருகியிருந்தது. இலை அடைக்காமலிருக்க அதுதான் வடிகட்டி.

தாளில் கருப்பு என்றால் வறட்சி. தரையில் கருப்பு என்றால்தான் தண்ணீர். ஊற்று அந்தத் தாளிலேயே இல்லை.

இதை நில அளவையாளர்களின் குறை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அப்படியில்லை. 1:50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு அடி ஊற்றை அளவுப்படி வரைந்தால் அது மைத்துளியைவிடச் சிறியது. குறியீடு போட்டால்தான் தெரியும், குறியீடு போட வேண்டுமானால் அளந்தவர் அந்த ஊற்றுக்கு நடந்து வந்திருக்க வேண்டும். வந்த மாதமும் முக்கியம். மார்கழியில் பார்த்தவருக்கு எல்லா ஓடையும் நீலம்தான். கொடைக்கானலுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்துவிடுகிறது, தை பிறந்ததும் வானம் வெளுத்துவிடும். தாளின் ஓரத்தில் அளவை நடந்த ஆண்டு அச்சிட்டிருக்கிறது. எந்த மாதம், எந்த ஓடையை என்று இல்லை.

இந்த மலையை முதலில் முறையாக அளந்தவர் பெஞ்சமின் ஸ்வைன் வார்டு என்ற ஆங்கிலேய லெப்டினன்ட். 1821-இல் பெரியகுளம் பக்கச் சரிவிலுள்ள வெள்ளகவி வழியாக மேலேறினார். அதே காலத்தில் நீலகிரியையும் அவர்தான் அளந்தார். அந்தக் காலத்து மலை அளவை எப்படி நடந்தது என்பதை ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டே விளக்கலாம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். கொடைக்கானலில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் மலையேறிய அளவையாளர்கள் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டு, அந்த டிகிரியை உயரமாக மாற்றினார்கள். பத்தில் ஒரு டிகிரி பிசகினால் உயரத்தில் 30 மீட்டர் பிசகும். மேகம் வந்து காற்றழுத்தம் மாறினாலும் பிசகும்.

பிற்பாடு வந்தது பிளேன் டேபிள். முக்காலி மேல் ஒரு பலகை, பலகை மேல் காகிதம், குறிபார்க்க ஒரு சட்டம். பெருமாள் மலை மாதிரி எங்கிருந்தும் தெரியும் முகடுகளின் இடத்தை முதலில் முக்கோண அளவையால் துல்லியமாகக் கண்டுபிடித்து காகிதத்தில் குறித்துவிடுவார்கள். அப்புறம் அளவையாளர் எங்கே நின்றாலும் தெரிந்த மூன்று முகடுகளைக் குறிபார்த்துக் கோடு இழுத்தால், மூன்று கோடும் கூடும் இடம்தான் அவர் நிற்கும் இடம். முகட்டில் நிற்பவருக்கு இது எளிது. சோலைக்குள் நிற்பவருக்குப் பத்தடி தாண்டி எதுவும் தெரியாது. ஆகவே முகடும் சரிவும் தாளில் கச்சிதமாக வந்தன. பள்ளங்களின் அடிப்பகுதியை எதிர்ச் சரிவில் நின்று பார்த்தே வரைய வேண்டியிருந்தது. ஊற்றுகள் இருப்பதோ பள்ளங்களில்.

பழனிமலையின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட். கருங்கல் வகை, தானாகத் தண்ணீரைக் குடிக்காது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டு மழையில் அதன் மேல்தோல் உளுத்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணும் உதிர்பாறையுமாகக் கிடக்கிறது. இந்தத் தோல்தான் தண்ணீர்த் தொட்டி. மழை இதில் இறங்கி, அடியிலுள்ள கெட்டிப் பாறையில் முட்டி, அதன் மேல் பக்கவாட்டில் மெதுவாக நகர்கிறது. சரிவு அந்தத் தோலை எங்கே வெட்டுகிறதோ அங்கே தண்ணீர் வெளியே எட்டிப் பார்க்கும். அதுதான் ஊற்று. அதனால்தான் ஒரே சரிவில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நான்கைந்து ஊற்றுகள் இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த உயரக் கோட்டை ஒட்டியே நடந்து மற்றவற்றைத் தேடலாம். சமஉயரக் கோடு நிஜமாகவே உதவுகிற இடம் இது.

கோடுகளிலிருந்து இன்னொன்றும் படிக்கலாம். கோடு மேட்டை நோக்கிக் கூம்பினால் அது பள்ளம், தண்ணீர் வரும் வழி. பள்ளத்தை நோக்கிக் கூம்பினால் அது முதுகு, தண்ணீர் பிரியும் இடம். மேல்மலையில் இந்த முதுகை விரலால் தொடர்ந்து போனால் இரண்டு பெரிய ஆறுகளின் எல்லையைத் தொட்டுக்கொண்டே போகிறோம். முதுகுக்கு வடக்கே விழுந்த துளி பாலாறாகவோ பொருந்தலாறாகவோ குதிரையாறாகவோ இறங்கி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகும். தெற்கே விழுந்தது பாம்பாறு, வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி என்று இறங்கி வைகைக்குப் போகும். சில இடங்களில் இந்த முதுகு ஒரு மாட்டுவண்டிப் பாதை அகலம்தான். நடுவில் நின்று குடத்தைக் கவிழ்த்தால் பாதி கரூருக்கும் பாதி மதுரைக்கும்.

கோடுகள் கைவிடும் இடம் சதுப்பு. இருபது மீட்டருக்கு ஒரு கோடு என்று வரைந்த தாளில், மூன்று மீட்டர் சாய்வுள்ள ஒரு புல்வெளிக் குழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். தாளில் ஒன்றுமே நடக்காத இடம். ஆனால் மேல்மலையின் கோடைத் தண்ணீர் இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி, மடிப்பில் சோலை, அடியில் கருப்பான மக்குமண் சேறு. மழைக்காலத்தில் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, பங்குனி சித்திரை வரை சொட்டுச் சொட்டாக விடும். வெள்ளைக்காரன் கண்ணுக்கும் இது தப்பவில்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஒரு சதுப்பின் வாயைக் கரை போட்டு அடைத்ததுதான் இன்று படகு விடும் கொடைக்கானல் ஏரி. பேரிஜம் ஏரியின் கதையும் அதுவே. 1860-களில் அங்கே முகாமிட்ட டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, அந்தச் சதுப்பில் ஒரு காலத்தில் ஏரி இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். அரை நூற்றாண்டு கழித்துக் கரை எழுந்தது, இன்று அந்தத் தண்ணீர் பெரியகுளம் ஊருக்குக் குடிநீர். அடைத்த சதுப்பு தாளில் நீலத் திட்டாகக் கம்பீரமாக நிற்கிறது. அடைக்காத சதுப்புகள் வெள்ளையாகவே கிடக்கின்றன. தாளில் வெள்ளையாக இருப்பதைக் காலி நிலம் என்று நினைப்பது எளிது. சதுப்புகளில் யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் வரிசை கட்டி நட்டதில் இந்தப் பார்வைக்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று பொதுவாகச் சொல்வோம். நீலகிரியில், கிளென்மார்கன் பகுதியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, உதகையிலுள்ள மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகள் ஓடை நீரை அளந்தது. நட்ட பக்கத்தில் முதல் பத்தாண்டுச் சுற்றில் 16 சதவீதம் நீர் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். இந்தக் கணக்கு எந்த டோப்போ ஷீட்டிலும் வராது. காடு பச்சை நிறம், ஓடை நீல நிறம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாக அச்சாகியிருக்கும்.

சரி, இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் உலகின் பெரும்பகுதியின் உயரத்தை அளந்துவிட்டது. 2005-இல் இந்தியாவே கார்ட்டோசாட்-1 அனுப்பி, இரண்டு கோணத்தில் படமெடுத்து உயரம் கணக்கிட்டது. ரேடார் உயரங்களை இன்று வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டு, இலவச மென்பொருளில் ஓடைகளைத் தானாக வரையவைக்கலாம். நானும் வரையவைத்தேன். அழகாக வந்தது. பாதி தப்பாக வந்தது.

முதல் தப்பு மரத்தால். ரேடார் அலை அடர்ந்த மரத்தின் உச்சிப் பகுதியிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது, தரை வரை போவதில்லை. இருபது மீட்டர் பைன் தோப்பு படத்தில் ஒரு குன்றாகிவிடும். பள்ளத்தின் வாயில் தோப்பு இருந்தால், அங்கே ஓர் அணை கட்டியது போல மென்பொருள் நினைத்துக்கொண்டு தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடும்.

இரண்டாம் தப்பு இன்னும் சுவாரசியமானது. மென்பொருள் ஓடை வரைவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யும், குழி நிரப்புதல். தரவில் சுற்றிலும் உயரமாகவும் நடுவில் தாழ்வாகவும் இருக்கும் கட்டங்களை எல்லாம் பிழை என்று கருதி, விளிம்பு மட்டத்துக்கு உயர்த்திவிடும். இல்லாவிட்டால் அதன் கணக்கில் தண்ணீர் அந்தக் குழியில் விழுந்து அங்கேயே நின்றுவிடும், மேற்கொண்டு ஓடை வராது. சமவெளிக்கு இது நியாயமான வேலை. மேல்மலையில் தண்ணீர் விழுந்து நிற்கிற குழி என்பது பிழையல்ல, சதுப்பு. முன்னே மை போதாமல் வெள்ளையாக விட்டதை இப்போது கணினி கவனமாகத் தூர்த்துவிடுகிறது.

மூன்றாவது என் சொந்தத் தப்பு. பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற 19-ஆம் நூற்றாண்டுப் பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை. கைபேசியின் ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கில். பழைய தாளிலிருந்து படித்த எண்களை அப்படியே கைபேசியில் போட்டால், தென் தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். சமவெளியில் நூறு மீட்டர் என்பது பக்கத்து வயல். மலையில் அது முதுகுக்கு அந்தப் பக்கம், காவிரிக்குப் பதில் வைகை. ஒரு மதியம் முழுக்க முள்ளில் சிராய்த்துக்கொண்டு தவறான பள்ளத்தில் தேடிய பிறகுதான் தாளின் அடியிலிருந்த சின்ன எழுத்தைப் படித்தேன்.

வறண்ட தேசங்களில் வரைபடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தை அளந்த ஜான் பால் என்ற ஆங்கிலேயர், 1920-களில் கத்தாரா பள்ளத்தின் அடி கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே இருப்பதாகக் கணக்கிட்டார். அவ்வளவு பெரிய பள்ளம் தாளில் பரந்து கிடக்கும். அதன் ஓரத்தில் ஒற்றைக் கிணறு இருந்தால் அதற்கும் பெயர் எழுதியிருப்பார்கள், ‘பீர்’ என்ற அரபிச் சொல்லோடு. கிணறு என்று பொருள். காரணம் எளிது. அங்கே அளவையாளரின் ஒட்டகமும் அவரும் அடுத்த நாள் உயிரோடு இருப்பது அந்தப் புள்ளியைப் பொறுத்தது. பழனிமலையை அளந்தவருக்கு அந்தப் பயம் இருந்திருக்காது. எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் கை நனையும். தாகம் எடுக்காதவர் வரைந்த தாளில் ஊற்று இருக்காது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் முற்றிலும் பொய்யில்லை.

ஆகவே மலை ஊற்றுகளை வரைபடமாக்க வேண்டுமானால் நடக்கத்தான் வேண்டும். அதுவும் பங்குனி, சித்திரையில். கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம், ஒரு குடமும் கைக்கடிகாரமும் போதும். பாறையடி ஊற்றுக்குக் குழியிலிருந்து வழியும் வாய் ஒன்று இருந்தது. குழாய்களை எல்லாம் சற்று நேரம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பெரியவர் பதினைந்து லிட்டர் குடத்தை வாயில் வைத்தார். நிரம்ப ஐம்பது வினாடி. நொடிக்கு 0.3 லிட்டர், நாளுக்கு ஏறத்தாழ 26,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அந்தக் கணக்கில் அந்த இரண்டடிக் குழி 470 பேருக்குப் போதும். தாளில் அது ஒரு மைத்துளி கூட இல்லை. ஒருமுறை அளந்தால் போதாது, மாதாமாதம் அதே வாயில் அதே குடத்தை வைக்க வேண்டும். எந்த மாதம் குறைகிறது, மழை விட்டு எத்தனை வாரம் தாங்குகிறது என்று தெரிந்தால்தான் மேலே உள்ள சரிவில் எந்தப் பகுதி அதற்கு நீர் கொடுக்கிறது என்று ஊகிக்க முடியும்.

இப்படி அளந்ததை எங்கே போடுவது என்பதுதான் அடுத்த சிக்கல். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியது. இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்கவும் வெளியிடவும் முன்போல முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஊற்றின் இடத்தைக் கைபேசியிலிருந்தே உலகம் பார்க்கும் வரைபடத்தில் ஏற்றிவிடலாம். ஏற்ற முடியும் என்று பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் தகரத்தை மூடி, மேலே ஒரு கல்லை வைத்தார்.

“போட்டுராதீங்க தம்பி. கீழ ரோடு வந்தாச்சு. சீசனுக்கு லாட்ஜுக்குத் தண்ணி அடிக்கிற டேங்கர் இங்க வர எவ்ளோ நேரம் ஆகும்?”

“குறிக்காம விட்டா, நாளைக்கு யாராவது காலி இடம்னு நெனச்சு இதையே தூர்த்துருவாங்களே ஐயா.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் என்பது ஐம்பது மீட்டர் என்று நான் ஏறும்போது சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

“அப்ப ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்க” என்றார்.